நோட்டம்

கருவூலத்தில் எனக்குக் காதால் வேலை.
கருங்கல் பலகையில் ரூபாயைச் சுண்டிவிட்டுக் கேட்பேன்.
வெள்ளிக்கு ஓர் இழுவை உண்டு,
மணி ஓய்ந்த பிறகும் காற்றில் கொஞ்சம் நிற்குமே, அது மாதிரி.
கள்ளக் காசு 'டொக்' என்று முடிந்துவிடும்.

நாற்பத்து மூன்று, மே மாதம்.
ஜார்ஜ் தலை போட்ட பழைய வெள்ளி
மாதக் கடைசிக்கு மேல் செல்லாது என்று
நான்கு மாசி வீதியிலும் தமுக்கடித்தாயிற்று.
மதுரையே மடியை அவிழ்த்துக்கொண்டு வந்தது.
உரலடியில் புதைத்தது, தலையணைப் பஞ்சில் தைத்தது,
முருகனுக்கு முடிந்து வைத்து மறந்தது.
எல்லாம் வாங்கிக்கொண்டு
காகிதம் கொடுத்தோம்.

காஜிமார் தெரு மைதீன் பிச்சை ராவுத்தர்
பிஸ்கட் டின்னோடு வந்தார்.
அறுநூற்றுப் பதினொன்று.
தோல் மண்டியில் பதினெட்டு வருஷம் தரம் பிரித்த காசு,
ஆவாரம்பட்டை வாடை இன்னும் போகவில்லை.
"ஹஜ்ஜுக்கு வச்சது, நோட்டக்காரரே.
கப்பல் நின்னுபோச்சு.
கடலுக்கடியில குண்டு நீந்துதாம்."

ஒவ்வொன்றாகச் சுண்டினேன்.
வரிசையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசித்தார்.
அந்த மணல் நாட்டு மன்னரின் கஜானா காலியாம்.
யாத்திரைக்காரர் வந்தால்தான் வரும்படி.
மண்ணுக்குள் எண்ணெய் இருக்கிறதாம், யுத்தம் எடுக்க விடவில்லையாம்.
லண்டன்காரன் பணம் கட்டுகிறான்,
அமெரிக்காக்காரன் வெள்ளியே அனுப்புவான் என்று பேச்சு.

"நாம அரிசிக்கு அட்டையோட நிக்கிறோம்,
நமக்கு எவன் குடுக்கிறான்?"
என்றார் ஒருவர்.
"அண்ணே, வரிசை நகருது"
என்றாள் பின்னால் நின்றவள்.

ராவுத்தர் சிரித்துவிட்டார்.
"அந்த ராஜாவுக்கு நான்தான்யா பாக்கி.
ஒட்டக வாடகை, தண்ணிக் காசு, தலைக்கு இவ்வளவுன்னு வரி,
எல்லாம் இந்த டின்னுக்குள்ளல்ல கெடக்கு.
நான் போகாத விசேஷத்துக்கு
வெள்ளைக்காரன் மொய் எழுதுறான்."

"மொய்னா திருப்பிச் செய்யணுமே, ராவுத்தரே."

"அதானே.
அவன் வீட்டு விசேஷம் எதுவோ,
எத்தனை மடங்கு கேப்பானோ."

முந்நூற்று நாற்பதாவது காசு
டொக்.

இருவரும் அதையே பார்த்தோம்.
தலை சரியாக இருந்தது, வருஷம் சரியாக இருந்தது.
"இத்தனை நாளா
மத்ததோட சேந்து இதுவும் ஹஜ்ஜுக்குக் கிளம்பி உக்காந்திருக்கு"
என்று டின்னில் போட்டுக்கொண்டார்.
அறுநூற்றுப் பத்துக்குக் காகிதம் எண்ணினேன்.

சாக்குகளுக்கு அரக்கு வைத்து
பம்பாய் அக்கசாலைக்கு ரயிலேற்றினோம்.
பாலத்தைத் தாண்டும்போது கீழே வைகை,
ஊற்றுக்குழியும் கழுதைத் தடமுமாக ஒரே மணல்.
எங்களுக்கும் ஒரு பாலைவனம் உண்டு,
ஆறு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அடுத்த வருஷக் கடைசியில் கப்பல் விட்டார்கள்.
ராவுத்தர் விசாரித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்.
கட்டணம் ஏறியிருந்தது, அரிசி ஏறியிருந்தது,
இஹ்ராம் துணிக்குக்கூட கண்ட்ரோல் விலை.
காகிதம் மட்டும் அதே அறுநூற்றுப் பத்து.
"பழைய காசாவே இருந்திருந்தா போயிருப்பேனா?"

எனக்குத் தெரியவில்லை.

"உருக்கினதுல கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்குமா?
ராஜாவோட சிப்பாய்க்குச் சம்பளமா?
ஒரு ரெண்டு மூணு காசாவது?"

உருகின வெள்ளிக்கு முகம் கிடையாது,
காசிமேட்டுக்குப் போனதா, மக்காவுக்குப் போனதா,
எந்தக் கல்லில் சுண்டினாலும் அது சொல்லாது.
இருந்தும்
"போயிருக்கும்" என்றேன்.
முப்பது வருஷத்தில் நான் நல்லதென்று தள்ளிவிட்ட
முதல் கள்ளக் காசு அதுதான்.

அவர் கேட்டதும் அதை மட்டும்தான் போல.
சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து
என் கல்லில் ஒரு தடவை சுண்டினார்.
டொக்.
"இவன் மட்டும் எங்கயும் போகலை" என்றார்.

அடுத்த ஆள் பத்து ரூபாய் நோட்டை நீட்டி
சில்லறை கேட்டான்.